கோவையிலிருந்து முதல் ராக் கான்சர்ட், முதல் ரெஸ்லிங்: போய் வரும் வழி

பெரிய ராக் குழுக்கள் கோவைக்கு வருவதில்லை. ஈரோடு, திருப்பூர் பக்கம் கேட்கவே வேண்டாம். வந்தால் பெங்களூர், இல்லாவிட்டால் மும்பை. ரெஸ்லிங் என்றால் ஹைதராபாத். நம் பக்கத்து ரசிகர்கள் பஸ்ஸோ ரயிலோ ஏறித்தான் ஆக வேண்டும்.

நான் முதன்முறை கிளம்பியது 2011-இல், கோவையில் கல்லூரி படிக்கும்போது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கோட்டை விட்டேன். ஒரு தடவை பஸ் போய்விட்டது, ஒரு தடவை கேட்டிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். ஒருமுறை முதல் இரண்டு பாட்டை மைதானத்துக்கு வெளியே, தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஆறு மாதமாகக் காத்திருந்த பாட்டு அது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டர்

அமெரிக்க ராக் குழு மெட்டாலிகா பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் தீபாவளி 26-ஆம் தேதி. இந்த இரண்டு தேதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்த பெங்களூர்க்காரர்கள் மொத்தப் பேரும் அந்தச் சனி, ஞாயிறில்தான் திரும்புகிறார்கள். காந்திபுரத்தில் எந்த பஸ்ஸிலும் சீட் இல்லை. சேலம் வரை ஒரு பஸ், சேலத்திலிருந்து ஓசூர் வரை நின்றுகொண்டே இன்னொரு பஸ், ஓசூரிலிருந்து மூன்றாவது. மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது கால் இரண்டும் மரத்துவிட்டன. கச்சேரியே இனிமேல்தான் ஆரம்பம்!

அதனால் தேதி அறிவித்தவுடனே தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர் மாரியம்மன் நோம்பியன்று கான்சர்ட் போகிறேன் என்றால் யாரும் விடமாட்டார்கள். விட்டாலும் உங்களுக்கே மனசு அங்கே இருக்காது. பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றாலும் அதே கதைதான்.

இன்னொன்று: நிகழ்ச்சி ரத்தாகலாம். அதே 2011-இல், பெங்களூருக்கு இரண்டு நாள் முன்பு, டெல்லிப் பக்கம் குர்கானில் நடக்க இருந்த மெட்டாலிகா கான்சர்ட் நடக்கவே இல்லை. ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும். நீங்கள் போட்ட ரயில், பஸ், ரூம் காசை யாரும் தரமாட்டார்கள். ரூம் போடும்போது கடைசி நாள் வரை இலவசமாக ரத்து செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். இருநூறு முந்நூறு கூடுதலானாலும் பரவாயில்லை.

2. ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

நாலு ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐயாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் நின்று கேட்கப் போகிறீர்கள். பாட்டுத் தெரியாமல் நின்றால் அரை மணியில் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

மெட்டாலிகாவுக்கு 1986-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' போதும். எட்டே பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உக்கடத்தில் பஸ் ஏறியதும் போட்டால் பொள்ளாச்சிக்குள் நுழையும்போது கடைசிப் பாட்டு ஓடும். நான் அப்படித்தான் கேட்டேன், வாரம் மூன்று நாள், ஒரு செமஸ்டர் முழுக்க. முதல் பாட்டு மெதுவான கிதார் மீட்டலில் தொடங்கும், ஏதோ தாலாட்டு மாதிரி. கொஞ்ச நேரத்தில் மொத்தக் குழுவும் ஒரேயடியாக இறங்கும். கிணத்துக்கடவு வரும்போது நான்காவது, ஐந்தாவது பாட்டு. ஏழாவது பாட்டு 'ஓரியன்'. பாடகரே கிடையாது, எட்டு நிமிடத்துக்கு மேல் கருவிகள் மட்டும். நடுவில் பேஸ் கிதார் தனியாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. வாசித்தவர் கிளிஃப் பர்ட்டன். அந்த ஆல்பம் வந்த வருஷமே, செப்டம்பரில், ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்துபோனார். வயது 24. இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததே இல்லை. ராக் என்றால் கத்தல் என்று சொல்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அயர்ன் மெய்டனுக்கு 1982-இன் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்'. கன்ஸ் அண்ட் ரோசஸுக்கு 1987-இன் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்'. இவர்கள் 2025 மே மாதம் மும்பைக்கு வந்து போனார்கள். 1991-இல் ஒரே நாளில் விட்ட இரண்டு 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பத்தையும் முதலில் தொடாதீர்கள். நல்ல பாட்டெல்லாம் இருக்கிறது, ஆனால் புதியவருக்கு நீளம் தாங்காது.

டிக்கெட் எடுத்த பிறகு செட்லிஸ்ட் எஃப்.எம். என்ற தளத்தில் அந்தக் குழு இந்தச் சுற்றில் வேறு ஊர்களில் என்னென்ன வாசித்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அதே வரிசைதான் இங்கேயும் வரும். ஒரு மாதம் அதையே ஓடவிடுங்கள்.

3. டிக்கெட் விற்கிற நாள்

டிக்கெட் விற்கிற புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் ஆப் இரண்டிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்குவது, போன் எண், மின்னஞ்சல் சரிபார்ப்பது எல்லாம் முந்தின நாளே முடிய வேண்டும். விற்பனை தொடங்கியவுடன் வரிசை எண் கொடுத்துக் காத்திருக்க வைப்பார்கள். அப்போது பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பின்னுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

வரிசை வந்ததும் பணம் கட்டச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். அங்கேதான் பலர் விழுகிறார்கள். டெபிட் கார்டில் ஆன்லைன் செலவு வரம்பு பத்தாயிரமாக இருக்கும், நீங்கள் நண்பர்களுக்கும் சேர்த்து நாலு டிக்கெட் போட்டிருப்பீர்கள். முந்தின நாளே பேங்க் ஆப்பில் வரம்பை ஏற்றிவிடுங்கள், வேலை முடிந்ததும் இறக்கிவிடுங்கள். சில நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பிட்ட ஒரு பேங்கின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே விற்பனை திறக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அடுத்த தலைப்பைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் பக்கத்தில் காட்டும் விலை கடைசி விலை அல்ல. ஜி.எஸ்.டி.யும் வசதிக் கட்டணமும் பணம் கட்டும் பக்கத்தில்தான் ஏறும்.

"டிக்கெட் இருக்கு, பாதி காசு இப்ப அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் வருகிற யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். ஒரே கியூ.ஆர். படத்தைப் பத்துப் பேருக்கு விற்பார்கள். முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மற்ற ஒன்பது பேரும் வெளியே.

4. ஆவணங்கள்

நான் தகரத் தடுப்புக்கு வெளியே நின்றது இதனால்தான். டிக்கெட் என் மாமா பையன் கணக்கில், அவன் கார்டில் எடுத்தது. அவன் வரவில்லை. என் போனில் கியூ.ஆர். இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். அன்றைக்குக் கையில் கட்டும் பட்டையைக் கவுன்டரில் வாங்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். கவுன்டரில் இருந்தவர் டிக்கெட் எடுத்தவரின் அடையாள அட்டையைக் கேட்டார். மாமா பையனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, மாடு கறக்கிற நேரம். அவன் எடுத்து, ஆதார் நகலும் ஒரு கடிதமும் அனுப்பி, அதை அவர் மேலிடத்தில் காட்டி, முடிவதற்குள் உள்ளே டிரம்ஸ் தொடங்கிவிட்டது.

கையில் இருக்க வேண்டியவை:

- உங்கள் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், அசல். போனிலும் ஒரு பிரதி.
- டிக்கெட் வேறொருவர் எடுத்ததானால், அவருடைய அடையாள அட்டை நகல், "இன்னாருக்கு என் டிக்கெட்டைக் கொடுக்கலாம்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், அவர் எந்த நேரமும் போன் எடுப்பார் என்ற உறுதி.
- டிக்கெட் மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட். ஆனால் சில டிக்கெட்டில் கியூ.ஆர். மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பையே திறக்க வேண்டும். பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் நெட் நகராது. கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.
- கல்லூரி மாணவர் என்றால் கல்லூரி அட்டை.

பெயர் விஷயம் நமக்கே உரிய தொல்லை. நமக்கு இன்ஷியல், அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர். ஆதாரில் 'கார்த்திகேயன் ப' என்று இருந்தால் எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஒன்றில் அப்பா பெயரை விரித்தும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் போட்டால் கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். விமான டிக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம்.

5. போகும் வழி

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். கான்சர்ட் டிக்கெட் அதற்கும் பல மாதம் முன்பே விற்றுவிடும் என்பதால் அந்த 60-ஆவது நாளைக் குறித்து வைக்காமல் மறந்துவிடுவோம். போனில் அலாரம் வையுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. தட்கல் முந்தின நாள், ஏசி பெட்டிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

கோவையிலிருந்து உதய் விரைவு வண்டி விடிவதற்குள் கிளம்பி மதியம் பெங்களூர் சேரும், புதன்கிழமை ஓடாது. கோவையில் புறப்படும் வந்தே பாரத் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விடும், வியாழன் ஓடாது. அரண்மனை மைதானத்துக்குக் கன்டோன்மென்ட்தான் பக்கம். இரண்டுமே திருப்பூர், ஈரோடு, சேலம் வழிதான். நேரம் அவ்வப்போது மாறுகிறது, எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி, சத்தி பக்கத்திலிருந்து காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திம்பம் மலைப்பாதை பகலில் அழகான குறுக்கு வழி. ராத்திரி 9 முதல் காலை 6 வரை கார்களுக்குத் தடை. கச்சேரி முடிந்து அந்தப் பக்கமாக வந்தால் செக்போஸ்ட்டிலேயே விடியும் வரை இருக்க வேண்டியதுதான். திரும்பும்போது ஓசூர், சேலம், பவானி வழியே வாருங்கள்.

6. கேட், காது, கூட்டம்

கேட் திறக்கும் நேரம் மதியம் 3 என்றால் 4 மணிக்குள் உள்ளே இருங்கள். பெரிய பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் பெரும்பாலும் விடமாட்டார்கள். டிக்கெட் பக்கத்தில் பட்டியல் இருக்கும், படியுங்கள். வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம், மிதித்துவிடுவார்கள்.

மருந்துக்கடையில் காதில் வைக்கும் பஞ்சடைப்பான் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்குங்கள். கச்சேரி, கிளப் போன்ற இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்திருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கணக்கெல்லாம் உதவாது. முதல் கான்சர்ட் முடிந்து எனக்கு இரண்டு நாள் காதில் சில்வண்டு கத்திக்கொண்டே இருந்தது.

மேடைக்கு நேர் முன்னால் போக எல்லோருக்கும் ஆசைதான். முதல்முறை வேண்டாம். சவுண்ட் மிக்ஸிங் செய்கிற கூடாரத்துக்குச் சற்று முன்னால் நில்லுங்கள், ஒலி அங்கேதான் மிகச் சுத்தமாக வரும். நெஞ்சோடு கையை மடக்கி வைக்க இடம் இல்லாத அளவுக்கு நெருக்கினால் உடனே பக்கவாட்டில் விலகுங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடப் போனவர்கள். எந்தப் பாட்டும் உயிருக்கு மேல் இல்லை. கூட வந்தவர்களோடு, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வெளிச்சத்திலேயே பேசிவையுங்கள்.

7. திரும்பும் வழி

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. திறந்த வெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடப் பொதுவாகச் சட்டம் இடம் தராது. அதனால் 10 மணிக்கு முடிந்துவிடும். கூட்டம் வெளியே வர முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர்கள் கேட்கும் தொகை அப்போது மூன்று மடங்கு. ஒரு கிலோமீட்டர் நடந்து போய் ஏறுங்கள், பாதியாகிவிடும்.

உதய், வந்தே பாரத் இரண்டும் பெங்களூரில் மதியமே கிளம்பிவிடும். ஆக அன்றைக்கே திரும்ப வேண்டும் என்றால் ஸ்லீப்பர் பஸ்தான். நடுராத்திரிக்கு முன்னால் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள். ஏறும் இடம் சில்க் போர்டு அல்லது எலக்ட்ரானிக் சிட்டி. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ இரண்டையும் தொட்டுப் போகிறது. கடைசி மெட்ரோ நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டில் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று டிரைவரிடம் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தச் சாலையைக் கடப்பதற்கே கால் மணி நேரம் ஆகும்.

ஒரு பெரிய பொறி: சனிக்கிழமை கான்சர்ட், பஸ் ராத்திரி 12:15. அது எந்தத் தேதி? ஞாயிற்றுக்கிழமை. நான் சனி என்று போட்டுவிட்டேன். நான் சில்க் போர்டில் நின்றபோது என் பஸ் முந்தின ராத்திரியே கிளம்பி அவினாசி போய்ச் சேர்ந்திருந்தது. காசு திரும்பவில்லை.

பஸ்கள் ஊருக்குள் வராது, பைபாஸில் இறக்கிவிடும். ஈரோட்டுக்காரர்கள் பவானி லட்சுமி நகரில் இறங்க வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு பெருமாநல்லூர் அல்லது அவினாசி. லட்சுமி நகர் விடிகாலையில் வரும். கண்டக்டர் ஒரு முறைதான் கூப்பிடுவார். நீங்கள் காதில் பஞ்சோடு தூங்கினால் கண் விழிக்கும்போது கோவை நீலாம்பூர். ஏறும்போதே கிளீனரிடம் சொல்லிவையுங்கள், போனில் அலாரமும் வையுங்கள்.

என் கணக்கு நோட்டில் கடைசியாகப் போன பெங்களூர்ப் பயணம்: டிக்கெட் எல்லாம் சேர்த்து 4,500. போக பஸ் 1,100, வர 1,600 (ஞாயிறு ராத்திரி என்பதால்). மெட்ரோ, ஆட்டோ 450. சாப்பாடு, தண்ணீர் 600. காதுக்கு 50. மொத்தம் 8,300. குழுவின் டி-ஷர்ட் வாங்குவதானால் அது தனி. ஆசையாக இருந்தால் உள்ளே போனவுடன் வாங்குங்கள், முடியும்போது உங்கள் அளவு இருக்காது.

8. ரெஸ்லிங்

2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபவுலி உள்விளையாட்டரங்கில் அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் நிகழ்ச்சி நடந்தது. அதன் பெரிய நட்சத்திரம் ஜான் சீனா இந்தியாவில் முதன்முறை மோதியது அன்றுதான். வெள்ளிக்கிழமை. அதாவது வியாழன் லீவு, வெள்ளி லீவு. அதை மாதத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ரயிலில் கோவையிலிருந்து ஒரு பகல் ஒரு இரவு அளவுக்கு ஆகும். முன்கூட்டியே எடுத்தால் விமானம் தாங்கும் விலைக்குக் கிடைக்கும். கச்சிபவுலியிலேயே ரூம் போடுங்கள், சார்மினார் பக்கம் மலிவு என்று போனால் டிராஃபிக்கில் மாட்டுவீர்கள். உள்ளரங்கம் என்பதால் விலை குறைந்த மேல் வரிசையிலிருந்தும் வளையம் நன்றாகத் தெரியும்.

கிளம்பும்போது எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்டார்: "ஏஞ்சாமி, எவனோ அடிச்சுக்கறதைப் பாக்க அத்தன தூரம் போகோணுமா? அதும் பொய்யடிங்கறாங்க?" நியாயமான கேள்வி. உங்களிடமும் கேட்பார்கள். முடிவு முன்பே எழுதியதுதான், ஒளிக்க வேண்டியதில்லை. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போகிறார்கள் என்று தெரியாதவர் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்? உடுக்கைச் சத்தம் ஏற ஏற, தங்கை அருக்காணி ஓடி வரும் இடத்தில் அமுச்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்துப் போய்ட்டு வா" என்று இருநூறு ரூபாய் கொடுத்தார்.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது 2009 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதியது. அரை மணி நேரம் ஓடும். இருவரும் கடைசி அடி கொடுக்க, எதிராளி மூன்று எண்ணி முடிப்பதற்குள் தோளைத் தூக்கிவிடும் இடத்தில் அடி வாங்கியவர் முகத்தை விட அடித்தவர் முகத்தைப் பாருங்கள். ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டுச் சீட்டில் உயரம், எடை பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு, இந்த விளையாட்டு அந்த எண்ணிக்கையில் இல்லை என்று எனக்குக் காட்டியது அந்த முகம்தான். அடுத்து 2008-இல் வந்த 'தி ரெஸ்லர்' படம். மிக்கி ரூர்க் உடம்பு தேய்ந்த பழைய வீரராக வருவார். கடைசி மோதலுக்கு அவர் நடந்து வரும்போது பின்னணியில் கன்ஸ் அண்ட் ரோசஸ் பாட்டு. குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல.

நேரில் போகும் வாய்ப்பு எப்போதோதான். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். 2025 ஏப்ரலிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். நியூயார்க் நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி கூட்டுங்கள், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே திங்கள் ராத்திரி 8 மணி என்றால் நமக்குச் செவ்வாய் காலை 5:30, நவம்பர் முதல் ஞாயிறு தாண்டிவிட்டால் 6:30. மார்ச் இரண்டாவது ஞாயிறு வந்ததும் மறுபடி 5:30. வேலைக்குப் போகிறவர்கள் 8 மணிக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பலாம், மிச்சத்தைச் சாயங்காலம் அதே இடத்திலிருந்து பார்க்கலாம். அதுவரை வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் திறக்காதீர்கள்.